ஓர் அரசவை இசைஞரின் பெட்டிசங்களும் என் அக்காவின் விசாவும்

1

விசா மறுப்பதற்கு ஒரு கடிதம் எழுதினால் கை தேய்ந்துவிடுமோ தெரியாது. வந்தது ஒரு தாள். அதில் வரிசையாகச் சின்னச் சின்னப் பெட்டிகள், அவற்றில் ஒன்றுக்குள் குறுக்காக இரண்டு கோடு கீறிய ஒரு புள்ளடி. அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் அச்சடித்திருந்த வரியைத் தமிழில் தருகிறேன்: விசாக் காலம் முடியுமுன் இவர் நாடு திரும்புவார் என்பதில் நியாயமான சந்தேகம் உண்டு.

இவர் என்றது என் அக்காவை. திரேசா ரீச்சர் என்றால் திருகோணமலை டவுனில் பாதிப் பேருக்குத் தெரியும், மற்றப் பாதிப் பேருக்கு அவர் கணக்குப் படிப்பித்திருப்பார். வயது அறுபத்தொன்று. கலியாணம் கட்டவில்லை. கொழும்புக்கே வாழ்நாளில் நாலு தரம் போயிருப்பார், நாலு தரமும் அடுத்த பஸ்ஸில் திரும்பி வரத் துடித்தவர். அப்படிப்பட்ட மனுசியை மூன்று வாரம் ஜேர்மனிக்கு வந்து போங்கள் என்று நான் கூப்பிட்டதற்கு இந்தப் புள்ளடி.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒரு கிழமைக்குள் லீவு போட்டு, ரிக்கெற் எடுத்து, லிங்கநகரில் அக்காவின் வீட்டு வாசலில் வந்து இறங்கினேன். இரண்டாவது விண்ணப்பத்தைப் பக்கத்தில் இருந்து நானே செய்விப்பது என்று முடிவு. முப்பது வருடம் வெளிநாட்டில் படிவம் நிரப்பியவளுக்கு இது என்ன பெரிய காரியம் என்று நினைத்தேன்.

2

நான் வேலை செய்கிற இடம் ஒரு அரண்மனை. வாயைப் பிளக்க வேண்டாம். அந்தக் காலத்து ஜேர்மனியில் கிண்ணியாவும் மூதூரும் சேர்ந்த அளவுக்கு ஒரு ராச்சியம், அதற்கு ஒரு பிரபு, பிரபுவுக்கு ஒரு அரண்மனை என்று தடுக்கி விழுந்த இடமெல்லாம் இருந்திருக்கிறது. அப்படி ஒன்று இப்போது நூதனசாலையாகி நிற்கிறது. முதல் பத்து வருடம் அதன் படிகளைத் துடைத்தேன். பிறகு ஒரு கறுப்புக் கோட்டும் ஒரு கதிரையும் தந்து ஓர் அறைக்குள் உட்கார்த்தினார்கள். யாராவது எதையாவது தொட வந்தால் தொடாதீர்கள் என்று சொல்ல வேண்டும். ஆட்கள் ஒரு முறை சொன்னால் கேட்பதில்லை.

என்னுடைய அறை அரசவை இசையமைப்பாளரின் அறை. பதினெட்டாம் நூற்றாண்டு மனிதர். முழுப் பெயர் சொன்னால் ஒரு வரி போய்விடும், யோஹான் என்று வைத்துக்கொள்வோம். அரசவை இசையமைப்பாளர் என்றால் பட்டும் பீதாம்பரமும் என்று நினைக்காதீர்கள். கோப்பி வார்ப்பவனுக்குத் தைத்த அதே வேலைக்காரச் சீருடையைத்தான் இவருக்கும் தைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை தோறும் சிற்றாலயத்துக்குப் புதிதாக ஒரு பாட்டுக் கோவை எழுத வேண்டும். பிரபு சாப்பிட உட்கார்ந்தால் அதற்கு ஒரு இசை. பன்றி வேட்டைக்குப் போனால் ஒன்று, போய்ப் பன்றியோடு திரும்பி வந்தால் இன்னொன்று. பிரபுவின் பிறந்தநாளுக்கு ஒரு மணித்தியாலப் பாட்டு, அதை அந்த ஒரு நாள் பாடினால் சரி, பிறகு பெட்டிக்குள் போய்விடும். இவர் விடுவாரா? பிரபு வாழ்க என்று வந்த இடத்தில் ஆண்டவர் வாழ்க என்று சொல்லை மாற்றி அதையே நத்தார்ப் பூசைக்குப் பாட வைத்தார். இதைத் தொலைபேசியில் சொன்னபோது அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். கோயிலில் ஓர்கன் வாசிக்கிற தானும் பங்குத் திருநாளுக்கு அப்படிச் செய்ததுண்டு என்றார்.

கிழப் பிரபு செத்தார். மகனுக்குச் சங்கீதம் பிடிக்காது, அணிவகுப்புத்தான் பிடிக்கும். எக்காளக்காரரையும் முரசுக்காரரையும் வைத்துக்கொண்டு மற்ற எல்லோரையும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார். யோஹானுக்கு மிஞ்சியது சிற்றாலயத்து ஓர்கன் மட்டும்.

அதற்குப் பிறகு அவர் எழுதியதில் பாதி இசை, பாதி பிரபுவிடம் கெஞ்சி எழுதிய மனு, எங்கள் பாஷையில் பெட்டிசம். உண்மையாகத்தான் சொல்கிறேன். என் கதிரைக்கு எதிரே நாலு கண்ணாடிப் பெட்டிகள் நிறைய அவருடைய பெட்டிசங்கள். தங்கள் காலடியில் கிடக்கும் மிகத் தாழ்ந்த ஊழியன் என்று தொடங்கும். விறகு இல்லை, மெழுகுதிரி இல்லை, கோட்டு கிழிந்துவிட்டது, மனைவி படுக்கையில், பிள்ளைகள் இருமலில் என்று போகும். கடைசிப் பெட்டிசத்தில் வேறொன்றும் கேட்கவில்லை, ஞாயிற்றுக்கிழமைகளில் தொடர்ந்து ஓர்கன் வாசிக்க மட்டும் அனுமதிக்கும்படி கேட்டிருக்கிறார். ஓரத்தில் பிரபு பதில் எழுத வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது.

எங்கள் நூதனசாலைப் பொறுப்பாளர் படித்த பெண்மணி. ஆட்களைக் கூட்டிக்கொண்டு வரும்போதெல்லாம் இந்தப் பெட்டிகளுக்கு முன்னால் நின்று ஒரே விளக்கத்தைச் சொல்வார். இவற்றை நம்பிவிடாதீர்கள், அந்தக் காலத்தில் எல்லோரும் இப்படித்தான் எழுதினார்கள், வெறும் சம்பிரதாய வார்த்தைகள் என்பார். நானும் தமிழ்ச் சனம் யாராவது வந்தால் அதையே தமிழில் சொல்லி, எங்கட ஊர்ப் பெட்டிசம் மாதிரித்தான் என்று சேர்த்துக்கொள்வேன். எல்லோரும் சிரிப்பார்கள்.

3

இந்த வருடம் யோஹானின் பிறந்த ஆண்டு நிறைவைக் கொண்டாட அந்தச் சின்ன நகரம் எழும்பிவிட்டது. பேக்கரியில் அவருடைய முகம் போட்ட பிஸ்கற் விற்கிறார்கள், உயிரோடு இருந்தபோது அவருக்குப் பாண் கொடுத்தார்களோ தெரியாது. விழாவுக்காகச் சிற்றாலயத்து ஓர்கனைக் கழற்றி, குழாய் குழாயாகத் துடைத்து, திரும்பப் பூட்டியிருக்கிறார்கள். வருகிற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதை முதல் முதலாக வாசிக்கப் போகிறார்கள்.

இதை அக்காவிடம் சொன்னபோது அவர் உடனே கேட்டார்.

"அதில கை வைக்க விடுவினமோ?"

அக்கா முப்பத்தொன்பது வருடம் எங்கள் கோயிலில் ஓர்கன் வாசித்தவர். காலால் மிதித்துக் காற்றடிக்கிற பழைய சாமான். ஓர்கன் என்று அதைச் சொல்வதே மரியாதைக்குத்தான். குழாய் வைத்த ஓர்கனை அவர் படத்தில்தான் பார்த்திருக்கிறார். இதற்குள் ஒரு காது போய்விட்டது, மற்றக் காதும் அடுத்த வருடம் வரைக்கும் தாக்குப்பிடிப்பது கஷ்டம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். நான் பொறுப்பாளரிடம் போய்க் கேட்டேன். விழா முடிந்த பிறகு பத்து நிமிடம் உங்கள் அக்கா தாராளமாக வாசிக்கலாம் என்றார். அன்றைக்கு வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் எனக்குக் கால் நிலத்தில் படவில்லை.

அடுத்த நாளே வெளிநாட்டவர் கந்தோருக்குப் போய், வரிசையில் நின்று, அக்காவின் சாப்பாடு, படுக்கை, வைத்தியம், திரும்பிப் போவது எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு என்று கையெழுத்து வைத்தேன். அக்காவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். ஏன் போகிறீர்கள், ஏன் திரும்பி வருவீர்கள் என்று சின்னதாக ஒரு கடிதம் எழுதி விண்ணப்பத்தோடு வையுங்கள் என்றேன்.

அவர் அதை அன்ரனி மாஸ்டரிடம் கொண்டுபோய்விட்டார்.

4

அன்ரனி மாஸ்டரை வெளியூர் ஆட்களுக்குச் சொல்ல வேண்டும். துறைமுகத்தில் கிளாக்காக இருந்து ஓய்வு பெற்றவர். அரசாங்கத்துக்கு எழுதுவதென்றால் சனம் அவரிடம்தான் போகும். தண்ணீர் வராவிட்டாலும் அவர்தான், மான்கள் வந்து வீட்டுத் தோட்டத்தை மேய்ந்துவிட்டுப் போனாலும் அவர்தான். வாசிக்கிற அதிகாரி மூக்கை உறிஞ்சாவிட்டால் அது பெட்டிசமே இல்லை என்பது மாஸ்டரின் கொள்கை.

முதல் விண்ணப்பத்தோடு போன அந்தக் கடிதத்தின் பிரதியை, நான் வந்த அன்று எடுத்துப் பார்த்தேன். நல்ல ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். கணவனோ பிள்ளைகளோ அற்றவளும், ஒரு செவி முற்றாகவும் மறு செவி பாதியாகவும் இழந்தவளும், நீண்ட கால ஆலய சேவையின் பின் வேண்டாதவளாய் ஒதுக்கப்பட்டவளும், பொழுது விடிந்து பொழுது படும்வரை கதைப்பதற்கு ஒரு சீவன் இல்லாதவளுமாகிய இந்த ஏழை, கடல் கடந்து வாழும் ஒரே சகோதரியின் முகத்தைப் பார்ப்பதே இனித் தன் வாழ்வின் ஒரே ஆசை எனத் தங்கள் பாதம் பணிந்து மன்றாடுகிறாள்.

எனக்குத் தலை சுற்றியது. இதை வாசித்துவிட்டு எந்த விசாக் கந்தோர்க்காரன் புள்ளடி போடாமல் விடுவான்? அவனுக்குத் தேவை, இந்த மனுசிக்கு இங்கே வீடு இருக்கிறது, ஆட்கள் இருக்கிறார்கள், திங்கட்கிழமை செய்வதற்கு வேலை இருக்கிறது என்ற மூன்று விஷயம். மாஸ்டர் மூன்றையும் தேடித் தேடித் துடைத்திருக்கிறார். அடுத்த நாள் காலையிலேயே ஓட்டோ பிடித்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன்.

"மாஸ்டர், விசாவுக்குப் போய்ப் பெட்டிசம் எழுதலாமோ?"

"ஏன் பிள்ளை, அவங்களும் கவண்மேந்துதானே. கவண்மேந்துக்குப் பணிஞ்சுதான் எழுத வேணும்."

"பணியிறது வேற. ஒண்டுமில்லாத ஆள் எண்டு எழுதினால், இஞ்ச விட்டால் திரும்பிப் போகாது எண்டுதானே அவன் நினைப்பான்."

"அது உங்கட அந்த நாட்டுப் புத்தி. ஒண்டுமில்லாத ஆளுக்குத்தானே இரக்கம் காட்ட வேணும்?"

"வேண்டாதவளாய் ஒதுக்கப்பட்டவள் எண்டு எழுதியிருக்கிறியள். அக்கா இல்லாட்டில் கோயில்ல பாட்டே நடக்காது. இதெல்லாம் எங்கயிருந்து பிடிச்சனீங்கள்?"

மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாதம் பணிஞ்சு எண்டது நான் போட்டது. மிச்சம் அவ சொன்னது பிள்ளை. அவ சொல்லச் சொல்லத்தான் எழுதினனான்."

பெட்டிசம் எழுதுகிற ஆட்கள் எல்லோரும் சொல்கிற சாட்டு இது. நான் தேத்தண்ணியும் குடிக்காமல் எழும்பி வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து அந்த இரண்டு பக்கத்தையும் சிவப்புப் பேனையால் வெட்டித் தள்ளினேன். அக்கா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

5

பின்னேரம் மகள் மீரா வட்ஸ்அப்பில் வந்தாள். அவளுக்கு இருபது வயது. அவளுடைய தமிழ் சனிக்கிழமைப் பள்ளிக்கூடத்தோடு நின்றுவிட்டது. சாப்பாட்டுக்கும் உடுப்புக்கும் ஏச்சுக்கும் மட்டும் தமிழ் இருக்கிறது, மற்றதெல்லாம் ஜேர்மன். பெட்டிசக் கதையை நான் கொதித்துக் கொதித்துச் சொன்னேன்.

"பெரியம்மா ஏன் உண்மையை எழுதேல்லை?"

"எங்கட ஊரில அப்பிடித்தான் பிள்ளை. எங்கட யோஹானும் எழுதினவர்தானே, அது மாதிரி. சும்மா சொல்லுறது."

அவள் கொஞ்சம் யோசித்துவிட்டு ஜேர்மன் மொழியில் கேட்டாள். அந்த ஆளின் வீட்டில் விறகு இருந்ததா இல்லையா என்று அந்தக் காலத்தில் யாராவது போய்ப் பார்த்தார்களா அம்மா?

சோதனைக்குப் படிக்கிற வேலையைப் பார் என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். பிள்ளைகள் எந்தப் பக்கத்தில் நின்று கதைக்கிறார்கள் என்றே இப்போது விளங்குவதில்லை.

6

என் திட்டம் சுலபமானது. பங்குத் தந்தையிடம் ஒரு கடிதம் வாங்க வேண்டும். திரேசா ரீச்சர் எங்கள் ஆலயத்தின் ஓர்கன் வாசிப்பவர், அவர் குறித்த திகதிக்குள் திரும்பி வருவது ஆலயத்துக்கு அவசியம் என்று இரண்டு வரி. ஜேர்மன்காரனுக்கு முத்திரை குத்திய தாள் ஒன்று இருந்தால் மனம் இளகும்.

ஃபாதர் புதிதாக வந்தவர், சின்ன வயது. என்னைக் கதிரையில் இருத்தி, சோடா உடைத்துத் தந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் முகம் ஒரு மாதிரிப் போனது.

"ரீச்சர் உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

"என்னத்தை?"

"உயிர்த்த ஞாயிறுக்குப் பிறகு அவ வாசிக்கிறேல்ல. பாடகர் குழுவில இருக்கிற ஒரு தங்கச்சி கீபோட் வாசிக்கிறா. ரீச்சருக்குக் காது கேக்காததால பாட்டு ஒரு பக்கம், ஓர்கன் ஒரு பக்கம் போகத் தொடங்கிற்று. சனம் முறைப்பட்டது. நான்தான் அவவைக் கூப்பிட்டுச் சொன்னனான்."

"பழைய ஓர்கன்?"

"சாமான் அறையில இருக்கு. அவ வந்து ஒரு நாள் கேட்டவ, பூசை இல்லாத நேரத்தில வாசிக்கலாமோ எண்டு. நான் யோசிச்சுச் சொல்லுறன் எண்டனான்." அவர் கையிலிருந்த பேனையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "பிறகு சொல்ல மறந்திட்டன். நீங்கள் கேக்கிற மாதிரி எழுத ஏலாது அக்கா. அவ நல்லவ எண்டு எழுதித் தாறன், எத்தினை பக்கம் வேணுமெண்டாலும்."

ஃபாதருடன் சண்டை பிடிக்கத்தான் வாய் வந்தது. என்ன சொல்லிப் பிடிப்பது? காது கேட்காத ஆளை வைத்துப் பூசை நடத்துங்கள் என்றா?

வெளியே வந்து உட்துறைமுக வீதியால் நடந்தேன். ஓட்டோக்காரர்கள் கூப்பிட்டுப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்கள். கணவனோ பிள்ளைகளோ அற்றவள் என்று எழுதியிருந்தது, உண்மை. காது போனதும் உண்மை. வேண்டாதவளாய் ஒதுக்கப்பட்டவள் என்றது உயிர்த்த ஞாயிறிலிருந்து உண்மை. கதைக்க ஒரு சீவன் இல்லை என்றதை மாஸ்டரின் கைச்சரக்கு என்று நினைத்திருந்தேன். நான் ஞாயிற்றுக்கிழமை மட்டும், அதுவும் சமைத்துக்கொண்டே, அக்காவுடன் கதைக்கிறவள். நான் சிவப்புப் பேனையால் வெட்டியதில் பாதம், பணிவு, மன்றாட்டு என்ற மூன்று சொல்லைத் தவிர எல்லாம் நடந்த கதை.

யோஹானும் நினைவுக்கு வந்தார். ஏழு வருடமாக அந்த மனிதருக்கு முன்னால் கதிரை போட்டு உட்கார்ந்து, வந்தவர் போனவருக்கெல்லாம் இவர் சும்மா எழுதுகிறார் என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன். அவர் விறகு கேட்டது குளிரினால் இருக்கும். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

7

அக்கா குசினியில் சூடைமீன் துப்பரவாக்கிக்கொண்டிருந்தார். நான் அவருடைய நல்ல காதுப் பக்கமாகப் போய் நின்றேன்.

"ஃபாதரிட்டப் போனனான்."

"ம்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொல்லி? நீ அங்கயிருந்து ஃபோனில அவரோட சண்டை பிடிப்பாய். பிறகு நான்தானே அவற்ற முகத்தைப் பார்க்க வேணும்." கத்தியைக் கழுவி வைத்தார். "நீ வந்த நாளிலயிருந்து மாஸ்டரோட சண்டை, விசாக்காரனோட சண்டை. பாவம் அவங்கள். பிழையா ஒண்டும் செய்யேல்லை."

"திரும்ப மாட்டீங்கள் எண்டு புள்ளடி போட்டது பிழையில்லையோ?"

"இல்லை. நான் திரும்பி வாறதா நினைக்கேல்லை."

நான் சரியாகக் கேட்கவில்லையோ என்று திரும்பக் கேட்டேன். எங்கள் இரண்டு பேரில் காது கேட்காதவர் அவர்.

"உன்ர வீட்டில ஒரு மூலை காணும் எண்டு நினைச்சன். அந்த ஓர்கனை ஒருக்கா வாசிச்சிட்டு, பிறகு உன்னட்ட மெல்லமாச் சொல்லுவம் எண்டு இருந்தன். சட்டம் கிட்டம் என்ன எண்டு உனக்குத்தானே தெரியும்." அவர் என் முகத்தைப் பார்க்காமல் மீனுக்கு உப்புப் போட்டார். "வந்த அண்டைக்கு நீ நான் கட்டி வைச்ச பயணப் பெட்டியைத் தூக்கிப் பார்த்திட்டு ஏசினனி, மூண்டு கிழமைக்கு என்ன இவ்வளவு பாரம் எண்டு. என்ர பாட்டுக் கொப்பி முழுக்க அதுக்குள்ளதான் இருக்கு."

அந்த நேரத்தில் எனக்கு இரக்கம் பொங்கியது என்று எழுதினால் வாசிக்க நன்றாக இருக்கும். பொங்கவில்லை. மூன்று அறை வீடு என்று மனதில் ஓடியது. மீரா தன் அறையைக் கொடுக்க மாட்டாள். நானும் என் கணவரும் காலையில் வேலைக்குப் போனால் பகல் முழுக்க யார் இருப்பது? டொக்டரிடம் யார் கூட்டிப்போவது, காப்புறுதி எப்படி எடுப்பது, விசா முடிந்த பிறகு பொலிஸ் வந்து கதவைத் தட்டினால் என் வேலை என்னவாகும், நான் வைத்த கையெழுத்து என்னவாகும்? எல்லாம் ஒரு நிமிடத்துக்குள் ஓடி முடிந்தது. என்னைப் பத்து வயதிலிருந்து வளர்த்தவருக்கு நான் யோசித்தது இவ்வளவுதான்.

காது மந்தமான ஆட்கள் முகத்தை வாசிக்கப் பழகிவிடுவார்கள். அக்கா வாசித்துவிட்டார்.

"சரி விடு," என்றார். "அதெல்லாம் நடக்கிற காரியமில்லை, எனக்குத் தெரியும். நீ எழுது. இந்த முறை மாஸ்டர் வேண்டாம், நீயே எழுது. மூண்டு கிழமையில திரும்பி வருவன் எண்டு எழுது. ஓர்கனைக் கேட்டால் காணும்."

"அக்கா..."

"எழுதடி. நான் கையெழுத்து வைக்கிறன்."

முன்னறையில் உட்கார்ந்து ஒரு பக்கத்தில் எழுதினேன். சொந்த வீடு உண்டு, அரசாங்க ஓய்வூதியம் உண்டு, விழாவுக்கு அழைப்பு உண்டு, குறித்த நாளில் நிச்சயமாக இலங்கை திரும்புவேன். வெட்டுக் கொத்து இல்லாத, நல்ல ஜேர்மன் கடிதம். அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து, என்ன எழுதினனி என்று கேட்டார். வரி வரியாகத் தமிழில் சொன்னேன். கடைசி வரியை இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது, முதல் தரம் என் சத்தம் அவருக்குப் போதவில்லை. தலையாட்டிவிட்டு, கரும்பலகையில் எழுதுகிற அதே வட்ட எழுத்தில் முழுப் பெயரையும் எழுதிக் கையெழுத்து வைத்தார்.

முப்பது வருடத்தில் எத்தனையோ படிவங்களில் பாதி உண்மையும் பாதி தேவைக்கேற்றதுமாக எழுதியிருக்கிறேன், ஒன்றுக்கும் கை கூசியதில்லை. இந்தக் கடைசி வரி அக்காவைப் பொறுத்தவரை பொய். அதை எழுதும்போது அது உண்மையாகிவிட வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது.